எடை மேடைக்காரர் பார்த்த ஜப்பான் படம்

என்ற கையில இருக்கற இந்தப் பச்சைப் பட்டையத்தான பாக்கறீங்க? ஆஸ்பத்திரியில இருந்து வரலீங்க தம்பி, பயப்படாதீங்க. பாக்கறவிய எல்லாம் அப்புடித்தான் நெனைக்கறாங்க. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரரு, "என்னங்கண்ணா, டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களா?"ன்னு கேட்டுப்போட்டாரு. இது உள்ள போறதுக்குக் கட்டறது. சனி, ஞாயிறு ரெண்டு நாளைக்கும் ஒரே பட்டை. கழட்டிட்டா மறுக்கா உள்ள உடமாட்டாங்களாம். கத்திரி வெச்சாத்தான் வரும்.

எதுக்குள்ள போறதுக்குன்னு கேக்கமாட்டீங்களா? ஜப்பான் பொம்மைப் படம் போட்டாங்க தம்பி. பீளமேட்டுல ஒரு மண்டபத்துல. ரெண்டு நாளும் படம், நடுநடுவுல அந்த ஊருப் படக்கதைப் புத்தகத்தைப் பத்திப் பேச்சு. படத்துக்குப் பேரு அனிமே, புத்தகத்துக்குப் பேரு மங்கா. சிரிக்காதீங்க, நேத்துதான் எனக்கே தெரியும். ஐநூறு பேரு இருப்பாங்க, அதுல தலை நரைச்சவன் நான் ஒருத்தன்தான். வெள்ளை முடியோட நெறையாப் பேரு இருந்தாங்க, ஆனா அதெல்லாம் டோப்பா. ஒரு பையன் பொறத்தால நரி வாலு கட்டிட்டு, வரிசையில என்ற முன்னால நின்னான். வாலு என்ற வேட்டியில பட்டுட்டே இருந்துச்சு. "சாரி அங்கிள், சாரி அங்கிள்"னு அவனும் சொல்லிட்டே இருந்தான். நல்ல பையன்தான்.

நீங்க எதுவரைக்குங்க? கரூரா? அப்பச் சரி. நான் வெள்ளகோவில். தூக்கம் வந்தா தூங்குங்க, நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன். ஆனா எனக்குப் பேசோணும் போல இருக்குது. ஊட்டுக்குப் போனாப் பேச முடியாது, அதனாலதான்.

என்ற பேரு சென்னியப்பன். வெள்ளகோவில் மெயின் ரோட்டுல லாரி எடை மேடை இருக்குதுங்களே, அதுல கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்திருப்பேன். இருபத்திரண்டு வருசம். லாரி ரோட்டுல திரும்பறப்பவே இத்தனை டன்னுன்னு சொல்லிப்போடுவேன், மெசின் பொறவுதான் சொல்லும். "லாரிய எடை போடத் தெரியும், மனுசன எடை போடத் தெரியாது"ன்னு என்ற சம்சாரம் மரகதம் சொல்லுவா. முந்தி சொல்லுவா. இப்ப அவ எதுவுமே சொல்றதில்லீங்க.

எங்களுக்கு ஒரே பையன். மௌலீஸ்வரன். மௌலின்னு கூப்புடுவோம். கோயமுத்தூர்ல இஞ்சினீரிங் படிச்சான். படிச்சான்னா, சேத்து உட்டோம். அவன் படிச்சதெல்லாம் இந்தப் பொம்மைப் புத்தகம். லீவுக்கு வந்தாலும் மாட்டுச் சாளையில போயி உக்காந்துட்டு ரப்பர் சீட்டை வெட்டறதும், தெர்மாகோலை ஒட்டறதும், பெயிண்ட் அடிக்கறதும். என்னடான்னா கத்திங்கறான். ஆளு ஒசரத்துக்கு ஒரு கத்தி. நாலு மாசம் செஞ்சான் தம்பி. பாக்கறதுக்கு இரும்பு மாதிரியே இருக்கும், தூக்கினா காத்து. சரி, காலேஜுல நாடகம் கீடகம் போடறாங்களாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்.

அப்புறம் எங்க பெரியப்பா பேத்தி கல்யாணம், காங்கயத்துல. பந்தியில உக்காந்திருக்கறோம். எலை போட்டாச்சு, சாப்பாடு வரல. என்ற மச்சான் ஒருத்தன், எதுத்த வரிசையில இருந்து போனை நீட்டறான். "மாமா, இது நம்ம மௌலிதானுங்களே?" பாத்தா, வெள்ளை டோப்பா, கண்ணுக்கு மை, கணுக்கால் வரைக்கும் கோட்டு, கையில அந்தக் கத்தி. போனு எலைக்கு எலை போகுது தம்பி. ஆளாளுக்குப் பாக்கறாங்க. ஒருத்தர் சொல்றாரு, "பொண்ணு தேட வேண்டியதில்லீங்க சென்னியப்பா, இவனுக்கு மாப்பிள்ளை தேடுங்க." பந்தியே சிரிச்சுது. நான் சாப்புடாம எந்திரிச்சேன். எங்க பக்கத்துல எலையில உக்காந்துட்டுச் சாப்புடாம எந்திரிச்சா அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமே.

அடுத்த நாள் அந்தக் கத்திய எடுத்துட்டு எடை மேடைக்குப் போயிட்டேன். அவன் பொறத்தாலயே ஓடி வந்தான். மேடையில சக்கரம் ஏறற தடத்துல வெச்சேன். உள்ள போயி மைக்கைப் போட்டேன். மைக்கு எதுக்குன்னா, டிரைவரு லாரிக்குள்ளயே இருப்பாரு, நான் கண்ணாடிக்குள்ள இருப்பேன். "முன்னால எடு, பின்னால வா"ன்னு சொல்றதுக்கு. கூம்பு ஸ்பீக்கரு, ரோட்டுக்கு அக்கட்ட டீக்கடை வரைக்கும் கேக்கும். லாரி எடை போடற மெசின் அஞ்சு கிலோ பத்து கிலோவையெல்லாம் மதிக்காதுங்க. சைபர்லயே நின்னுச்சு. மைக்குல சொன்னேன்: "மௌலீஸ்வரன் பொழப்பு. எடை, சைபர்." வரிசையில நின்ன டிரைவருங்க எல்லாம் சிரிச்சாங்க. பொறவு மொதல்ல நின்ன லாரிய, "ஏறி வா"ன்னேன். சிமெண்ட் லோடு. முப்பத்தோரு டன்னும் கத்தி மேல ஏறுச்சு.

நான் அடிக்கலீங்க. அதை நீங்க கவனிக்கோணும். வந்து கண்ணாடியத் தட்டினான், நான் கையை ஓங்கினேன், அவ்வளவுதான். எத்தனை அப்பனுங்க பெல்ட்டைக் கழட்டறாங்க. நான் எடையத்தான சொன்னேன்?

அன்னைக்குப் போனவன் எட்டு மாசம் வரல. படிப்பை உட்டுட்டு, சரவணம்பட்டில ஒரு பிளெக்ஸ் கடையில படம் வரையற வேலைக்குச் சேந்துட்டான்னு மரகதம் சொன்னா. அவகிட்டப் பேசுவான். நான் கேக்கறப்ப, "நல்லா இருக்கறான்"னு ஒரு வார்த்தை. நானும் கூப்புடலீங்க. கூப்புட்டா என்னன்னு கேக்கறீங்க. அவன் கூப்புடட்டும்னு இருந்துட்டேன். பெத்தவன் நானா, அவனா?

போன சித்திரையில எங்கூரு மாரியாத்தா நோம்பி. திருவிழாவுக்கு நாள் சாட்டி, காப்புக் கட்டியாச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் போனு வருது, பல்லடத்துக்குப் பக்கத்துல ஆக்சிடெண்டுன்னு. கூட்டாளி பைக்கை வாங்கிட்டு வந்திருக்கறான். லாரி மோதிருச்சுங்க. என்ற மேடையில ஏறுன லாரியாக்கூட இருந்திருக்கும், யாரு கண்டா. போலீஸ்காரரு என்னென்னமோ சொன்னாரு. ரோட்டுக்கு எந்தப் பக்கம், எந்தத் தெசைன்னு எல்லாம் நான் கேக்கல. கேக்கறதுக்கு என்ன இருக்குது? நோம்பி சாட்டியாச்சு, பையன் நம்மூரு ரோட்டுல வர்றான். வேறெங்க வருவான்? பையில மாத்துத் துணி ஒன்னுகூட இல்ல. துணிதான் ஊட்ல கெடக்குதேன்னு உட்டுட்டு வந்திருப்பான். ஒரே ஒரு புத்தகம் இருந்துச்சு.

காரியத்துக்கு வந்தவிய கிட்டயெல்லாம் அதைத்தான் சொன்னேன். "நோம்பிக்கு ஊட்டுக்கு வந்துட்டிருந்தான், வர்ற வழியில போயிட்டான்." மரகதம் பக்கத்துலதான் இருப்பா. "இல்ல மரகதம்?"னு கேப்பேன். "ஆமா"ம்பா. அழுதாளான்னா, என்ற முன்னால அழுகல. மத்தியானம் எடை மேடைக்குச் சோறு கொண்டாந்துட்டிருந்தவ, காரியம் முடிஞ்சதுல இருந்து அந்தப் பக்கமே வர்றதில்ல. கட்டிக் குடுத்துடறா, நான் எடுத்துட்டுப் போறேன். பெத்த பையன் போயிட்டான், இவளுக்கு நெஞ்சு என்ன கல்லான்னு ஒரு நாள் கேட்டே போட்டேன். பாத்திரம் வெளக்கிட்டிருந்தா, வெளக்கிட்டே இருந்தா.

எனக்கு அந்தப் புத்தகம்தான் தொணை. இங்கிலீசு, லாரி நம்பருக்கு மேல எனக்குத் தெரியாது. எட்டாவது வரைக்கும் தமிழ்லதான் படிச்சேன். ஆனா படம் இருக்குதுங்களே. மொதப் பக்கத்துல கை ஒன்னு போட்டு, நிறுத்துங்கற மாதிரி என்னமோ எழுதியிருந்துச்சு. சிகரெட்டு அட்டையில போடற மாதிரி எச்சரிக்கை போலன்னு நெனச்சுத் திருப்பிட்டேன்.

கதை என்னன்னா, ஒரு வயசான ஆளு, பனியில, சமாதிக்கு முன்னால நிக்கறாரு. அப்புறம் பாத்தா, கட்டில்ல சீக்குல கெடக்கற ஒரு பையன். பக்கம் திருப்பத் திருப்ப அவன் தேறி வர்றான். எந்திரிச்சு உக்காந்து, நடந்து, ஊர் ஊராப் போயி, ரயில் ஏறி ஊட்டுக்கு வந்துடறான். அப்பன் ரயில்வே கேட்டுக்காரரு. கேட்டுக்குப் பக்கத்துலயே ஊடு. பையனைக் கண்டதும் கை ஓங்கறாரு. அப்புறம் அந்தக் கை எறங்குது. கிழிஞ்சு கெடந்த காத்தாடிய எடுக்கறாரு, அது அவரு கையில முழுசாயிடுது. மந்திரம் போலன்னு நெனச்சேன். ஜப்பான்காரன் கதையில அதெல்லாம் இருக்கும்னு. கடைசியில பையன் சின்னவனாயி, அப்பன் தோள்ல உக்காந்துட்டு ரயிலைப் பாக்கறான்.

பத்து மாசத்துல நூறு தடவை பாத்திருப்பேன். செத்த பையன் ஊட்டுக்கு வந்துடற கதை. இதையத்தான் பையில வெச்சிருந்தான்னா, மனசுல என்ன இருந்திருக்கும்? ஊட்டுக்கு வரோணும்னுதான இருந்திருக்கும்? மரகதத்துகிட்டச் சொன்னேன். "ஆமா"ன்னா.

போன மாசம் ஒரு புள்ள போன் பண்ணுச்சு. ரெஹானான்னு பேரு, ஊடு கோயமுத்தூர்ல கரும்புக்கடைப் பக்கம். மௌலியோட ஃப்ரெண்டு. "வருசா வருசம் நாங்க ஜப்பான் படம் போடுவோமுங்க அங்கிள். இந்தத் தடவை மௌலிக்குப் புடிச்ச புத்தகத்தைப் பத்தி அவன் நினைவா ஒரு பேச்சு வெச்சிருக்கறோம். நீங்களும் அம்மாவும் வரோணும்." மரகதம் வரலன்னுட்டா. "நீங்க போயிட்டு வாங்க"ன்னா. நான் வந்தேன்.

நேத்துப் படம் பாத்தேன். ஒன்னும் புரியலீங்க, ஆனா அழுகாச்சி வந்துச்சு. பக்கத்துல நரி வாலுப் பையன் தண்ணி பாட்டிலைக் குடுத்தான். சாப்பாட்டுக்கு முன்னால ஒருத்தர் உடாம வந்து, "நீங்க மௌலி அப்பாவா?"ன்னு கையப் புடிச்சாங்க. அவன் செஞ்ச கத்தியாட்ட யாரும் செஞ்சதில்லீங்களாம். ஒரு புள்ள சொல்லுச்சு, "மௌலி அண்ணன் அந்தக் கத்திய ஒரு தடவை தூக்கிப் பாக்கக் குடுத்தாங்க அங்கிள், என்னால மறக்கவே முடியாது"ன்னு. அது இப்ப எங்க இருக்குதுன்னு கேட்டுச்சு. ஊட்ல இருக்குதுன்னுட்டேன்.

இன்னைக்குக் காத்தால பேச்சு. ரெஹானா பேசுச்சு, பாதி இங்கிலீசு. பொறவு என்னைய மேடைக்குக் கூப்புட்டாங்க. மைக்கு எனக்குப் புதுசாங்க? எடுத்துப் பேசினேன். "எனக்கு இங்கிலீசு தெரியாது கண்ணுகளா, படத்தைப் பாத்துத்தான் கதை தெரிஞ்சுட்டேன்"னு, உங்ககிட்டச் சொன்ன மாதிரியே சொன்னேன். சமாதியில இருந்து தொடங்கி, தோள்ல உக்காந்துட்டு ரயிலைப் பாக்கற வரைக்கும். "என்ற பையனும் அப்புடித்தான் ஊட்டுக்கு வந்துட்டிருந்தான்"னு முடிச்சேன். நரி வாலுப் பையன் எந்திரிச்சு, "அங்கிள், அது வந்து"ன்னான். ரெஹானா அவன் கையப் புடிச்சு உக்கார வெச்சுது. அப்புறம் எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டினாங்க. பாதிப் பேரு அழுதாங்க. நான் நல்லாப் பேசிட்டேன்னு நெனச்சேன்.

மத்தியானம் தக்காளிச் சோத்துப் பொட்டலம் குடுத்தாங்க. ரெஹானா என்ற பக்கத்துல உக்காந்து, அதோட புத்தகத்தைத் தெறந்துச்சு. அக்கட்டயிருந்து தெறக்குது தம்பி. கடைசி அட்டையில இருந்து. "ஏம்மா அப்புடித் தெறக்கற?"ன்னேன். புத்தகத்தை மூடப் பாத்துச்சு. "சொல்லும்மா"ன்னேன். "ஜப்பான்ல அப்புடித்தான் அங்கிள். வலது பக்கத்துல இருந்து படிக்கோணும். நிறுத்துன்னு கை போட்டிருக்கறது அதுக்குத்தான்."

நான் வாங்கித் திருப்பினேன். தோள்ல இருந்த குழந்தை எறங்குது. முழுசா இருந்த காத்தாடியை அப்பன் கிழிக்கறான். கை எறங்கல தம்பி, ஏறுது. பையன் ரயில் ஏறிப் போறான். பனியில சீக்கு வருது. அப்பன் வர்றப்ப சமாதிதான் இருக்குது. அவ்வளவுதான் கதை. வேற ஒன்னும் இல்ல.

சோத்துப் பொட்டலத்தை மடிச்சு வெச்சேன். அப்புறம் கேட்டேன், "அது கெடக்கட்டும் கண்ணு. அன்னைக்கு அவன் ஊட்டுக்குத்தான வந்துட்டிருந்தான்?" அந்தப் புள்ளைக்கு மூஞ்சி மாறிப்போச்சு. "சொல்லு"ன்னேன். "வேண்டாம் அங்கிள்"ன்னுச்சு. "நான் கேட்டுத்தான் ஆவோணும்"னேன். போன்ல அவன் அனுப்பினதைப் படிச்சுக் காட்டுச்சு.

அந்த வெள்ளிக்கிழமை காத்தால பத்து மணிக்கு அனுப்பியிருக்கறான். "எடை மேடைக்கு எதுத்த டீக்கடையில, மூலையில இருக்கேன். அப்பா கண்ணாடிக்குள்ள தெரியறாரு. கொஞ்சம் எளைச்சுட்டாரு. அந்தப் புத்தகத்தைக் குடுக்கலாம்னு கொண்டாந்தேன். படத்தப் பாத்தாலே புரிஞ்சுக்குவாரு. டீ குடிச்சுட்டுப் போறேன்." அதுக்கு இந்தப் புள்ள, "தைரியமாப் போடா"ன்னு அனுப்பியிருக்குது. கால் மணி நேரம் கழிச்சு, "மைக்குல பேசினாரு. கேட்டுட்டேன். திரும்பறேன்." அது கடைசி.

என்ன பேசினேன்னு எனக்கு உடனே ஞாபகம் வந்துருச்சுங்க தம்பி. பத்து மாசம் வராதது அந்த எடத்துல வந்துச்சு. நாமக்கல் டிரைவர் ஒருத்தரு, பழக்கமானவரு, மேடையில லாரிய நிறுத்திட்டுத் தலைய நீட்டி, "நோம்பிக்குப் பையன் வர்றானுங்களா?"ன்னு கேட்டாரு. லாரிக்குள்ள இருக்கற ஆளுக்கு மைக்குலதான பதில் சொல்வேன்? அதான பழக்கம்? "எந்தப் பையன்? அவனைத் தலைமுழுகி எட்டு மாசமாச்சு"ன்னேன். சிரிச்சுட்டேதான் சொன்னேன். அவரும் சிரிச்சாரு. சீட்டைக் கிழிச்சுக் குடுத்தேன், போயிட்டாரு.

வந்திருக்கறான் தம்பி. ஊட்டுக்குத்தான் வந்திருக்கறான். முப்பது அடிக்கு அக்கட்ட வந்து நின்னு, நான் எளைச்சுட்டேன்னு பாத்திருக்கறான். நான்தான் வந்த வழியே திருப்பித் தாட்டியுட்டுட்டேன்.

இருங்க, பரவால்ல, தண்ணி வேண்டாம்.

எனக்கு அப்ப ஒரே பயம் என்னன்னா, மரகதம். இது தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. பையன் வந்துட்டிருந்தான்ங்கற அந்த ஒரு நெனப்புலதான் அவ உசுரோட இருக்கறான்னு நெனச்சேன். ரெஹானா கையப் புடிச்சுட்டேன். "கண்ணு, உனக்குக் கோடி புண்ணியம். இதை மௌலி அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதே."

அந்தப் புள்ள குனிஞ்சுட்டே சொல்லுச்சு. "அம்மாவுக்குத் தெரியும் அங்கிள். மௌலிய எடுத்த அன்னைக்கே, சமையக்கட்டுல வெச்சு நான் காட்டிட்டேன். ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. அப்புறம், 'அவருக்குத் தெரிய வேண்டாம் சாமி, அவரு செத்துப்போயிருவாரு'ன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாங்க."

பத்து மாசம் தம்பி. ஊர்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் நான், "வந்துட்டிருந்தான், இல்ல மரகதம்?"னு கேட்டிருக்கறேன். ஒவ்வொரு தடவையும் அவ "ஆமா"ன்னிருக்கறா. நெஞ்சு கல்லான்னு கேட்டிருக்கறேன். நான்தான் கொன்னேன்னு தெரிஞ்சுட்டு, எனக்குச் சோறு கட்டிக் குடுத்திருக்கறா.

அது ஓலப்பாளையம், இன்னும் சித்த நேரந்தான். காலை நகத்துங்க, பையை எடுத்துக்கறேன்.

போனதும் கேப்பா, "எப்புடி இருந்துச்சு?"ன்னு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னா, அவ பத்து மாசம் கட்டிக் காத்தது ஒன்னுமில்லாமப் போயிரும். அதனால சொல்லப் போறதில்லீங்க. "நல்லா இருந்துச்சு. நம்ம பையன் ஊட்டுக்குத்தான் வந்துட்டிருந்தானாம், அந்தப் புள்ளையும் சொல்லுச்சு"ன்னு சொல்லப் போறேன்.

அவ "ஆமா"ம்பா. அதை எப்புடிக் கேட்டுட்டு நிக்கறதுன்னுதான் எனக்குத் தெரியலீங்க.